இன்னொருக்கா வாசி

அந்த நாவலுக்கு அட்டை கிடையாது. முதல் சில பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெங்காயப் பெட்டிகளின் அடியில் விரிப்பதற்குத் தோட்டத்து முதலாளி பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். அப்படி வந்த ஒரு கட்டுக்குள்தான் அது கிடந்தது. யாரோ அதைத் தாள்தாளாகக் கிழிக்கப் போக, நாங்கள் நானா என்று அழைக்கும் என் மூத்த அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, எட்டிப் பறித்து, சீலைத் தலைப்பால் ஒருதரம் துடைத்து என் மடியில் போட்டார். "இந்தா புள்ள, ஏ.எல். எழுதினவ நீதானே. வாசி பாப்பம்" என்றார். வெங்காயச் சருகு ஒட்டியிருந்த அந்தப் பக்கத்தை நான் உரக்க வாசிக்கத் தொடங்கினேன். என் எழுத்து வாழ்க்கை எங்கே தொடங்கியது என்று கூட்டங்களில் கேட்கும்போது நான் வேறு வேறு பதில்கள் சொல்லியிருக்கிறேன். உண்மையான பதில் இதுதான்.

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளங்களில் இந்தக் கரைக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கிடுகுக் கொட்டிலில் இருந்தே படித்து, ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் மதினியோடு சேர்ந்து மாம்புரிப் பக்கம் வெங்காய வேலைக்குப் போனேன். கடலுக்கும் களப்பு நீருக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம் அது. பிடுங்கிக் காயவைத்த சின்ன வெங்காயத்தைக் கொட்டிலுக்குள் குவித்திருப்பார்கள். பெண்கள் சுற்றிவரச் சாக்குகளில் இருந்துகொண்டு வெங்காயத் தாளை நறுக்கி, வேரைக் கிள்ளி, பெரிதும் சிறிதுமாகப் பிரித்துப் போட வேண்டும். என் கத்திக்கோ வெங்காயத்தை விட என் விரலில்தான் ஆசை அதிகம். மற்றவர்கள் கூடையை நிரப்பி எழும்பும்போது என் கூடையின் அடி தெரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஒரு ஏற்பாடு தானாக உண்டானது. நான் வாசிப்பது. மற்றவர்கள் தாங்கள் நறுக்கியதில் அவ்வப்போது ஒரு பிடியை என் கூடைக்குள் எறிவது. யாரும் இதைப் பேசித் தீர்மானிக்கவில்லை. கதை நன்றாகப் போனால் என் கூடை விரைவாக நிறையும். கதை இழுத்தால் பிடி வருவது குறையும். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் பிறகு எனக்கு அவ்வளவு உடனடியாகப் பதில் போட்டதில்லை. முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. வாசிப்பு நடக்கும்போது தண்ணீர் குடிக்கவென்று யாரும் எழும்புவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். சில பின்னேரங்களில் நீர் இறைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரும் வாசலில் சாய்ந்து நிற்பார். கண்ணைத் துடைப்பவர்கள் அழுவது கதைக்காகவா, வெங்காயத்துக்காகவா என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள்.

ஊர் வாசிகசாலையிலிருந்து நான் வேறு புத்தகங்களும் கொண்டுபோய் வாசித்தேன். அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு புத்தகம் முடிந்ததும் யாரும் அதைப் பற்றி நல்லது என்றோ கெட்டது என்றோ பேச மாட்டார்கள். பிடித்திருந்தால், அடுத்த நாளோ அடுத்த கிழமையோ, "அத இன்னொருக்கா வாசி புள்ள" என்பார்கள். பிடிக்காவிட்டால் அந்தப் புத்தகத்தின் பேச்சே எழாது. எங்களிடம் இருந்த விமர்சனம் அவ்வளவுதான். அதில் மிகவும் கறாரானவர் மதினி. அவர் இன்னொருக்கா என்று கேட்ட புத்தகங்களை என் கைவிரல்களில் அடக்கிவிடலாம். அட்டையில்லாத அந்த நாவலை மட்டும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதில் பெரிய சம்பவம் ஒன்றும் கிடையாது. கலியாணம் கட்டி வரும் ஒரு பெண், வாய் ஓயாமல் அவளை ஏசும் ஒரு மாமியார், பயந்த சுபாவமுள்ள ஒரு கணவன். முதல்முறை வாசித்தபோது மாமியார் வாயைத் திறந்தாலே கொட்டில் முழுவதும் அவளைத் திட்டியது. பாதிக் கதையில் அவள் இறந்துபோனாள். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் ஒரு வேடிக்கையைக் கண்டேன். அதே ஏச்சு, அதே சொற்கள். ஆனால் ஒருவரும் திட்டவில்லை. கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருத்தி, "என்ன வாய் இது" என்று தொடங்க, மதினி கத்தியை நீட்டி அவளை அடக்கினார். "விடு, பேசட்டும். பாவம், மவுத்தாகப் போறா." பக்கத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறியிருந்தவர்கள் நாங்கள். முடிவு தெரிந்தவர்களுக்கு எங்களிடம் இருந்த முதல் பக்கத்திலேயே அந்தக் கிழவியின் இருமல் கேட்டது. எழுதியவர் அதை அங்கே வைத்துத்தான் இருந்தார். முதல் வாசிப்பின் அவசரத்தில் எங்களுக்கு அது காதில் விழவில்லை.

இன்னொரு நாள் நடந்ததை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கதையில் கணவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பம் இடம் மாறுகிறது. அந்த இடத்தை வாசித்துவிட்டு நான் மேலே போகும்போது மதினி கையை உயர்த்தினார்.

"நில்லு. ஒரு பக்கத்த விட்டிட்டாய்."

"இல்ல மதினி, ஒண்டும் விடல்ல."

"திறப்புக் குடுக்கிற இடம் எங்க? கதவப் பூட்டிப்போட்டு, பக்கத்து வீட்டுக்காரிட கையில திறப்பக் குடுத்து, பாத்துக்கொள்ளுங்க எண்டு சொல்லுவாளே."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஓமோம், அந்தப் பக்கத்து வீட்டுக்காரி திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொள்வாள் என்றாள் ஒருத்தி. பெரிய இரும்புத் திறப்பு என்றாள் இன்னொருத்தி. நான் முன்னும் பின்னும் புரட்டினேன். பக்க இலக்கங்கள் ஒழுங்காகத்தான் ஓடின. அவர்கள் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள், ரயில் பிந்தி வந்தது என்பதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. எங்கள் கூட்டத்தில் சிலாபத்து அக்கா என்று ஒருவர் இருந்தார். சிலாபத்திலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த கத்தோலிக்கப் பெண். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஐயோ என்பதற்கு அனே என்பார், என்னைச் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்று கூப்பிடுவார். அவர் மட்டும் தயங்கித் தயங்கி, "அனே, அப்பிடி ஒண்டு வரல்லியே. நானும்தானே கேட்டிட்டு இருந்த" என்றார். உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று எல்லோரும் அவருடைய வாயை அடைத்துவிட்டார்கள்.

வேலை முடிந்து நடந்து வரும்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கொட்டிலில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்த அனுபவம் இல்லாத ஒரே ஆள் சிலாபத்து அக்காதான். மற்ற எல்லோரும் ஒரு திறப்பை யாருடைய கையிலாவது கொடுத்துவிட்டு வந்தவர்கள். யாரோ ஒரு ஆசிரியர், எங்களைப் பார்த்தறியாதவர், எங்களுக்காக எழுதாதவர், ஒரு வரியோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் எங்கள் பெண்கள் தங்கள் தங்கள் திறப்புகளைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அது புத்தகத்தில் இருப்பதாகவே நம்பினார்கள். அன்று எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான். அதில் நான் கற்க ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பிறகு நான் ஆசிரியையானேன். வண்ணாத்திவில்லுவில் பல காலம் படிப்பித்தேன். பஸ்ஸில் வாசித்தேன், வீட்டில் எழுதினேன். சிறுகதைகள் பத்திரிகைகளில் வந்தன. கடைசியில், நாங்கள் ஊரை விட்டு வந்த கதையை ஒரு நாவலாக எழுதினேன். ஒன்றையும் தவறவிடக் கூடாது என்ற வெறியோடு எழுதினேன். ஜன்னலின் நிறம், ஊறப்போட்ட அரிசி, கூட்டுக்குள் அடைத்த கோழிகள், கதவின் ஆணி, வள்ளத்தின் ஓரத்தில் மோதிய தண்ணீர் எல்லாம் அதில் இருந்தன. திறப்புக்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம். வெளியீட்டு விழாவில் பேசியவர்கள் மனம் திறந்து பாராட்டினார்கள். மதினி முன்வரிசைக் கதிரையில் இருந்தார். எனக்கு அங்கே பேசியவர்களில் ஒருவருடைய முகமும் இப்போது நினைவில்லை. மதினியின் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சீனி வருத்தம் என்ற நீரிழிவு அவருடைய கண்ணைக் கெடுத்திருந்தது. ஆகவே அந்த நாவலை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். நண்பகலில் ளுஹர் தொழுதுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் இருப்பார், நான் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். கடைசிப் பக்கம் முடிந்த அன்று என் கையைப் பிடித்து, "நல்லா இரிக்கி. பாவம், எவ்வளவு எழுதியிருக்காய்" என்றார். புத்தகத்தை வாங்கிப் பத்திரமாக அலுமாரியில் வைத்தார். அவ்வளவுதான். கிழமைகள் போயின. நான் காத்திருந்தேன். அவர் இன்னொருக்கா வாசி என்று கேட்கவே இல்லை. வெட்கத்தை விட்டு நானே ஒருநாள் கேட்டேன்.

"திரும்ப ஒருக்கா வாசிக்கட்டா மதினி?"

"என்னத்துக்கு? எல்லாம் தெரியுமே."

"அந்த அட்டையில்லாத புத்தகத்திலயும்தான் எல்லாம் தெரியும்."

"அது வேற" என்று சொல்லிவிட்டு, இரவுக்கு என்ன கறி என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அவர் படித்தவரில்லை, இலக்கியம் அவருக்கு எங்கே விளங்கப் போகிறது என்று சமாதானம் தேடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்த வழி எனக்கு அடைபட்டிருந்தது. வெங்காயக் கொட்டிலில் அவர் இன்னொருக்கா கேட்ட புத்தகங்கள் ஒவ்வொன்றும் நல்ல புத்தகம் என்பது எனக்குத் தெரியும். உலகம் முழுவதும் என் புத்தகத்தைப் புகழ்ந்தாலும், அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது. இப்படி ஒரு ஆசை சின்னப்பிள்ளைத்தனமானது என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அடுத்த முறை போனபோது அவருடைய அலுமாரியிலிருந்து அந்தப் பழைய நாவலைக் கேட்டு வாங்கி வந்தேன். உரக்க வாசிக்காமல், எனக்காக மட்டும், முதல்முறையாக அதை வாசித்தேன். திரும்ப வாசிப்பதில் இருக்கும் சுகத்தை எப்படிச் சொல்வது? அடுத்து என்ன என்ற பதற்றம் போய்விடுகிறது. தெரிந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நுழைவதைப் போல ஆறுதலாக நடக்கலாம். விரும்பிய இடத்தில் நின்று கொள்ளலாம். ஆனால் எழுதுகிறவர்களுக்கு அந்தச் சுகத்தோடு ஒரு குட்டும் விழுகிறது. ஊர் மாறும் அந்த வரிக்கு வந்தபோது நான் நின்றேன். இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு கொட்டில் நிறையப் பெண்கள் எப்படி வந்து இருந்தார்கள் என்று பார்த்தேன். பிறகு என் நாவலை எடுத்துத் திறப்பு அத்தியாயத்தை வாசித்தேன். அங்கே எல்லாக் கதிரைகளிலும் நானே உட்கார்ந்திருந்தேன். மதினி வந்தால் நிற்க வேண்டியதுதான்.

அதன் பிறகு எதை எழுதினாலும் சில மாதங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு யாரோ எழுதியதை வாசிப்பதாக எண்ணிக்கொண்டு திரும்ப வாசிக்கிறேன். முதல் வாசிப்பில் எனக்கு மிகவும் பெருமையாக இருந்த வரிகள்தான் இரண்டாம் வாசிப்பில் முதலில் கூசுகின்றன. அவற்றை வெட்டுவேன். வெட்ட மனம் வராமல் ஒரு கிழமை வைத்திருந்து பிறகு வெட்டியதும் உண்டு. என் இரண்டாவது நாவல் வெளிவர நீண்ட காலம் எடுத்தது இதனால்தான், சோம்பலால் என்று என் சின்ன நானா சொல்லித் திரிந்தாலும். அந்தக் கதையிலும் ஒரு குடும்பம் வீட்டை விட்டுப் போகிறது. இந்த முறை அதை இரண்டு வரியில் எழுதினேன்.

போன வருடம் காற்றுக் காலத்தில் அதை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது வெங்காயக் கொட்டில் இருந்த இடத்தில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலின் மேல் ஓடுகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் அதே காற்று மதினியின் வாசல் சீலையைத் தூக்கி அடிக்கும். நான் குரலை உயர்த்தி, ஏற்ற இறக்கத்தோடு, என்னால் முடிந்த அளவுக்கு நன்றாக வாசித்தேன். அந்த இரண்டு வரி வந்தபோது நிறுத்தி அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்து, "நல்லா இரிக்கி" என்றார். எனக்கு மனம் உடைந்துவிட்டது. அச்சகத்திலேயே அந்தப் புத்தகம் எரிந்திருந்தாலும் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து, இனி எழுதுவதில்லை என்று சின்ன நானாவிடம் சொன்னேன். அப்படியென்றால் மீன் வெட்ட நேரம் இருக்கும்தானே என்றார் அவர்.

சில கிழமைகள் கழித்து ஒரு பின்னேரம், பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு மதினியைப் பார்க்கப் போனேன். வேலியடியில் வரும்போதே உள்ளே யாரோ வாசிக்கும் குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக, சில சொற்களைப் பாதியில் விட்டுத் திரும்பப் பிடித்து, குரலில் உணர்ச்சி என்ற ஒன்றே இல்லாமல். சிலாபத்து அக்காவின் குரல். என் வரிகள்! நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நீண்ட வசனம் ஒன்றில் அக்கா மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். அடுத்த பதிப்பில் அதை இரண்டாக முறிக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் பொறுமை இழந்து, "அனே, இதெல்லாம் நங்கி எவ்வளவு வடிவா வாசிப்பா. என்னத்துக்கு என்ட வாயால கேக்கிறீங்க?" என்றார்.

"அவ வாசிச்சா அவட குரல்தான் கேக்குது, கதை கேக்குதில்ல" என்றார் மதினி. "எங்க அழ, எங்க சிரிக்க எண்டு குரலாலேயே சொல்லிப்போடுவா. நீங்க வாசிங்க. உங்களுக்கு வாற சொல்லு என்னெண்டே தெரியாது, அதுதான் நல்லம்."

"இது எத்தினாம் தரம்?"

"எனக்குக் கேட்டது காணாது. வாசிங்க."

உள்ளே ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் உள்ளே போனால் வாசிப்பு நின்றுவிடும். சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டேன். அக்கா தட்டுத் தடுமாறி அந்த இரண்டு வரிக்கு வந்தார். ஒன்றைத் தவறாக வாசித்தார், பிறகு திருத்தினார். அப்போது மதினி சொன்னார்:

"நிப்பாட்டுங்க அக்கா."

புத்தகம் மூடும் சத்தம் கேட்டது, மதினி பேசத் தொடங்கினார்.

"நான் வீட்டக் கூட்டிப்போட்டுத்தான் வந்தன். வெளிய எல்லாரும் கத்துறாங்க. அவர் வா வா எண்டு நிக்கிறார். நான் முத்தம் முழுக்கக் கூட்டி, குப்பைய அள்ளிக் கிடங்கில போட்டு, பொறகு அடுப்படியையும் கூட்டினன். ஆரு வந்து இருக்கப் போறாங்களோ. வீடு அசிங்கமாக் கிடந்திச்சு எண்டு ஒரு சொல்லு வரக் கூடாதே."

"அனே, உங்கள எழுப்பிப்போட்டு வந்து இருக்கிறவங்களுக்கா?"

"அதுக்கென்ன. வாறவளும் ஒரு பொம்பளைதானே." மதினி சிரிப்பது கேட்டது. "அந்த விளக்குமாத்த வச்சிட்டு வர மறந்து, கடற்கரை வரைக்கும் கையில கொண்டு வந்திட்டன் அக்கா. வள்ளத்தில ஏறக்குள்ள ஒராள் கேட்டார், கடலையும் கூட்டப் போறீங்களா எண்டு."

அதே கடற்கரையில் நானும் நின்றேன். ஒரு காலத்தில் பல வருடங்கள் அவரோடு ஒரே குசினியில் சமைத்திருக்கிறேன். நாங்கள் வந்த கதையை ஒரு பெரிய நாவலாக எழுதினேன். அந்த விளக்குமாற்றை நான் கண்டதில்லை, அவர் அதைப் பற்றி யாருக்கும் சொன்னதும் இல்லை. இதை எழுதியிருக்கலாமே என்ற எண்ணம்தான் முதலில் வந்தது, எழுத்துக்காரி புத்தி எங்கே போகும்? பிறகு மெல்ல மெல்ல வேறொரு சந்தோஷம் வந்தது. எழுதியிருந்தால் அவர் இன்று இதைச் சொல்லியிருக்க மாட்டார். இன்னொருக்கா வாசி என்று அவர் என்னிடம் கேட்காதது ஏன் என்றும் விளங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். காற்றில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை.

உள்ளே சிலாபத்து அக்கா தான் கலியாணமாகி வந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார். மதினி இடையிடையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் பின்பக்கத்தால் குசினிக்குள் போய், பாணை வெட்டி, மூன்று பேருக்கும் தேத்தண்ணி வைத்தேன். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை அதற்கு மேல் யாரும் வாசிக்கவில்லை.